கலத்தின் ஓலையும் அதைக் காக்கும் கையும்

குறிகட்டுவான் துறையிலே, சோளகக் காற்று வீறுகொண்டு வீசும் காலைப்பொழுதொன்றில் நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். நயினாதீவு அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள் ஒருபுறம். நெடுந்தீவுக்குப் போகவேண்டிய ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் மற்றொருபுறம். அரிசி மூட்டைகளும் மரக்கறிக் கூடைகளும் தபாற்பையும் இடையிலே. படகு இருக்கிறது, படகோட்டி இருக்கிறார், எண்ணெயும் இருக்கிறது. ஆயினும் கட்டிய கயிறு அவிழ்வதில்லை. கடல் சற்று அடங்கட்டும் என்று அனுபவசாலி ஒருவர் கையைக் காட்டிவிட்டால், அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான். தபாற்பைக்குள்ளே கிடக்கும் கடிதம் எழுதியாயிற்று, முத்திரையும் குத்தியாயிற்று, ஆனால் அது இன்னும் படிக்கப்படவில்லை. எழுதப்படுவது வேறு, படிக்கப்பட்டு நிறைவேறுவது வேறு என்னும் உண்மையைத் தீவகத்தில் வாழும் எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே உண்மை நமது உடலின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் கணந்தோறும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார். அதனை அறிந்தவர்கள் என்று கருதப்படும் நாமும், பல ஆண்டுகளாக மாணவர்க்கு அதைச் சரிவரச் சொல்லாமலே பாடம் நடத்தி வந்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் குறையை எமக்கு உணர்த்தியவர் ஒரு தாயார்.

ஒரு தாயின் கேள்வி

எமது உயர்தர உயிரியல் வகுப்பிலே நெடுந்தீவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி இருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் எந்நேரமும் சோர்வு. பாடம் நடக்கையில் மேசையில் தலை சாய்ப்பாள். மாடிப்படி ஏறினால் இரண்டு தரம் நின்று மூச்செடுப்பாள். நாம் அதனைச் சோம்பல் என்றே எண்ணினோம். ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், "பிள்ளை, நித்திரை கொள்ளவோ பள்ளிக்கூடம் வாறனீர்?" என்று கடிந்தும் விட்டோம். அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கிழமை கழித்துக் காலைப் பிரார்த்தனை வேளையில் அவள் மயங்கி விழுந்தபோதுதான் எமக்குப் பகீர் என்றது.

வைத்தியசாலையில் குருதியைச் சோதித்தார்கள். அடுத்த வாரம் தாயார் பரிசோதனைத் தாளைக் கையில் மடித்தபடி எம்மிடம் வந்தார். "மாஸ்டர், பிள்ளைக்கு இரத்தத்தில இரும்பு காணாதாம். இதில பெரிற்றின் எண்டு ஒண்டு நல்லாக் குறைஞ்சிருக்கெண்டு டொக்டர் சொன்னவர். அது என்ன மாஸ்டர்? அது ஏன் குறையுது? நீங்கள்தானே இதுகளைப் படிப்பிக்கிறனீங்கள்" என்றார்.

இரும்புச் சத்து இல்லையாதலால் அதுவும் குறைந்துவிட்டது என்று ஏதோ கூறி அனுப்பிவைத்தோம். ஆனால் அன்றிரவு அந்த விடை எமக்கே திருப்தி தரவில்லை. பெரிற்றின் என்பது இரும்பு அன்று. அது ஒரு புரதம். அந்தப் புரதத்தை ஆக்குவதற்கான கட்டளை அந்தப் பிள்ளையின் கலங்களில் எழுதப்பட்டே இருந்திருக்கும். கட்டளை இருந்தும் புரதம் ஏன் ஆக்கப்படவில்லை? எமது வகுப்புக் குறிப்புகளைப் புரட்டினோம். அவற்றில் இதற்கு விடை இல்லை.

பழைய பாடம்

வாசகர்களில் உயிரியல் படியாதவர்களும் இருப்பார்களாதலால், பழைய பாடத்தைச் சுருங்கக் கூறுவோம். நமது கலங்களின் நடுவே கரு என்னும் பேழை ஒன்றுண்டு. அதனுள்ளே டீ.என்.ஏ. என்னும் மிக நீண்ட மூலநூல் பாதுகாக்கப்படுகிறது. அதன் முறுக்கேணி வடிவத்தை 1953ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் வெளிப்படுத்தினர். மூலநூல் பேழையை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான பகுதி மட்டும் ஒரு சிறிய ஓலையிலே பிரதி செய்யப்பட்டு வெளியே அனுப்பப்படும். அந்த ஓலைக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். 1961ஆம் ஆண்டில் அதன் இருப்பு நிறுவப்பட்டது.

வெளியே வந்த ஓலையைப் படிப்பவை இறைபோசோம்கள். ஓலையில் உள்ளவை நான்கே எழுத்துக்கள். அவற்றை மும்மூன்றாகக் கூட்டிப் படித்து, ஒவ்வொரு கூட்டுக்கும் உரிய அமினோ அமிலத்தைத் தேர்ந்து, மாலை தொடுப்பதுபோல் ஒன்றோடொன்று கோத்துப் புரதத்தை ஆக்குகிறது இறைபோசோம். எழுத்து மொழி புரத மொழியாக மாறுவதால் இச்செயலுக்கு மொழிபெயர்ப்பு என்றே அறிஞர் பெயரிட்டனர். இறைபோசோம் இரண்டு பகுதிகளால் ஆனது: ஒன்று சிறியது, மற்றது பெரியது. முதலில் சிறிய பகுதி ஓலையின் தலைப்பில் வந்து அணைந்து, தொடக்க எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும். அதன் பின்னரே பெரிய பகுதி வந்து சேரும். பற்றீரியாக்களின் இறைபோசோமில் அச்சிறிய பகுதியின் நுண்ணமைப்பை 2000ஆம் ஆண்டில் அணு அணுவாகத் தீட்டிக் காட்டியவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் தோமஸ் ஸ்ரைற்சுக்கும் ஆதா யோனத் அம்மையாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது என்பது தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதே.

மூலநூல், ஓலை, புரதம்: இந்த மூன்று படிகளைக் கரும்பலகையில் எழுதி, இடையே இரண்டு அம்புக்குறிகளை இட்டுவிட்டால் எமது பாடம் முடிந்துவிடும். ஓலை எழுதப்பட்டால் புரதம் வந்துவிடும் என்றே மாணவர் எண்ணிக்கொள்வர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

பூசாரியின் இடம்

சுவாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டும் என்று நமது முதியோர் சொல்வதுண்டு. கலத்தினுள்ளும் அப்படியே. கருவிலிருந்து ஓலை புறப்பட்டாலும், அது படிக்கப்படுமா, எப்போது படிக்கப்படும், எத்தனை முறை படிக்கப்படும், எப்போது கிழித்தெறியப்படும் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவை வேறு சில புரதங்கள். அவை ஓலையை நேரே கையாற் பற்றிக்கொள்வதால் ஆர்.என்.ஏ.யைப் பற்றும் புரதங்கள் எனப்படும். மனித உடலில் இத்தகைய புரதங்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவை உள்ளன என்று அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர். அவற்றுள் சில ஓலையைச் செப்பஞ் செய்பவை. சில அதை வேண்டிய இடத்துக்குச் சுமந்து செல்பவை. சில அதைப் பொத்திப் பிடித்துப் படிக்கவிடாமல் தடுப்பவை.

இந்தத் தடுக்கும் கைகளுள் மிகத் தெளிவாக ஆராயப்பட்ட ஒன்று, அந்தத் தாயின் கேள்விக்கே விடையாக அமைந்திருந்ததைக் கண்டபோது எமக்கு வியப்பு உண்டாயிற்று.

இரும்பும் அதன் பத்தாயமும்

இரும்பு இன்றி நாம் உயிர்வாழ இயலாது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. ஒரு சிறிய ஆணியின் நிறைதான். அதில் மூன்றில் இரண்டு பங்களவு குருதியிலுள்ள ஈமோகுளோபினில் இருந்து ஒட்சிசனைச் சுமக்கிறது. ஆனால் கட்டின்றித் திரியும் இரும்பு நஞ்சுக்கு ஒப்பானது. அது கலத்தினுள் கொடிய வேதிப்பொருள்களைத் தோற்றுவித்துக் கலமென்சவ்வையும் மூலநூலையுமே அரித்துவிடும். அடுப்பில் இருக்கும்வரை தீ சோறாக்கும், கூரையில் ஏறினால் வீட்டை எரிக்கும் அல்லவா?

ஆகவே கலம் தனக்கு மிஞ்சிய இரும்பைப் பத்திரமாகப் பூட்டிவைக்கிறது. அந்தப் பத்தாயத்தின் பெயர்தான் பெரிற்றின். 24 துண்டுகள் கூடி அமைந்த உட்குழிவான உருண்டை அது. ஒரு பெரிற்றின் உருண்டையினுள் 4,500 வரையான இரும்பணுக்களை அடக்கிவைக்கலாம். நெல் மிகுந்த ஆண்டில் பத்தாயம் வேண்டும்; நெல்லே இல்லாத ஆண்டில் புதிய பத்தாயம் செய்து என்ன பயன்? இரும்பு அரிதாயிருக்கும்போது பெரிற்றினை ஆக்குவது வீண்செலவு மட்டுமன்று; கிடைக்கும் சிறிது இரும்பையும் அது உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டால் கலம் பட்டினி கிடக்க நேரும். இரும்பு திடீரென வந்து குவியும்போதோ, பெரிற்றின் உடனே வேண்டும். கருவிலிருந்து புதிதாக ஓலை எழுதி வரும்வரை காத்திருந்தால் கேடு விளைந்துவிடும்.

இந்த இக்கட்டைக் கலம் எவ்வாறு தீர்க்கிறது? ஓலையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறது. படிக்கவிடாமல் பிடித்தும் வைத்துக்கொள்கிறது.

எலியின் ஈரல் சொன்ன செய்தி

இதனை முதலில் ஐயமறக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ந்த ஹேமிஷ் மன்றோ. எலிகளுக்கு இரும்பைச் செலுத்தினால் அவற்றின் ஈரலில் பெரிற்றின் பெருகும். புதிய ஓலை எழுதப்படுவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்த பின்னரும் அது பெருகவே செய்தது. புதிய ஓலை இன்றிப் புதிய புரதம் எங்கிருந்து வந்தது? 1976ஆம் ஆண்டில் மன்றோவும் உடனுழைத்தோரும் விடை கூறினர். பெரிற்றினுக்கான ஓலைகள் கலத்தில் ஏற்கெனவே இருந்தன. படிக்கப்படாமல் புரதங்களோடு சேர்ந்து ஒதுங்கிக் கிடந்தன. இரும்பு வந்ததும் அவை இறைபோசோம்களிடம் சென்று சேர்ந்தன.

அந்த ஓலையில் பூட்டு எங்கே இருக்கிறது என்பதை அறியப் பின்னும் பத்தாண்டுக்கு மேலாயிற்று. 1987ஆம் ஆண்டில் மத்தியாஸ் ஹென்ற்சவும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் மனிதப் பெரிற்றின் ஓலையை ஆராய்ந்து அதனைக் கண்டறிந்தனர். மன்றோவின் கூடமும் எலியின் ஓலையில் அதையே கண்டது. ஓலையின் தலைப்பில், புரதத்துக்கான செய்தி தொடங்குமுன்பே, சுமார் முப்பது எழுத்துக்கள் கொண்ட பகுதி ஒன்றுண்டு. அது தன்மேல் தானே மடிந்து, பெண்கள் தலையில் செருகும் கொண்டை ஊசியைப் போல் நிற்கும். அதன் உச்சியில் ஆறெழுத்து வளைவு ஒன்று. அதனைப் பற்றும் புரதத்தை 1988ஆம் ஆண்டில் எலிசபெத் லீபோல்டும் மன்றோவும் அறிவித்தனர். இரும்பைச் சீராக்கும் புரதம் என்று அதனை அழைப்பர். அதற்குத் துணையாக இரண்டாவது புரதம் ஒன்று இருப்பதும் பின்னர் அறியப்பட்டது.

துறையில் இடமில்லை

இப்போது மீண்டும் குறிகட்டுவான் துறையை மனத்திற் கொள்வோம். ஓலையின் தலைப்பே துறை. இறைபோசோமின் சிறிய பகுதி, கரையணைய வரும் படகு. இரும்பு குறைந்த வேளையில் காவற்புரதம் கொண்டை ஊசியைக் கெட்டியாகப் பற்றியபடி துறையிலேயே நிற்கிறது. படகு வருகிறது, அணைய இடமில்லை, திரும்பிவிடுகிறது. ஓலை பழுதாகவில்லை, அழிக்கப்படவுமில்லை. ஓரெழுத்தும் மாறாமல் அது காத்திருக்கிறது.

இரும்பு வந்ததும் நிகழ்வதே மிக அழகான பகுதி. கலத்தினுள் இரும்பும் கந்தகமும் சேர்ந்து சிறு கொத்துக்களாகும். நான்கு இரும்பணுக்கள் கொண்ட அத்தகைய கொத்து ஒன்று காவற்புரதத்தின் உள்ளங்கையில் வந்து அமர்ந்துவிடும். கை நிறைந்தபின் ஓலையைப் பிடிப்பது எப்படி? பிடி தளர்கிறது, துறை திறக்கிறது, படகு அணைகிறது, ஓலை படிக்கப்பட்டுப் பெரிற்றின் உருவாகிறது. பிடியை விட்ட காவலனோ சும்மா இருப்பதில்லை. இரும்புக் கொத்தை ஏந்திய நிலையில் அது அக்கோனிற்றேசு என்னும் நொதியமாகி, சித்திரிக்கமிலத்தை மாற்றும் வேறொரு வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகிறது. அதன் துணைப் புரதமோ இரும்பு மிகுந்தால் அழிக்கப்பட்டுவிடும். இரும்பின் வரவை எவரும் வந்து அறிவிக்க வேண்டியதில்லை. வந்த இரும்பே காவலனின் கையை விலக்குகிறது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கலத்தின் புறத்தே, குருதியில் வரும் இரும்பை உள்வாங்குவதற்கு ஒரு வாயிற்புரதம் இருக்கிறது. அதன் ஓலையிலும் இதே கொண்டை ஊசிகள் ஐந்து உள்ளன. ஆனால் அவை தலைப்பில் அல்ல. செய்தி முடிந்தபின் வரும் வாற்பகுதியில் உள்ளன. அங்கே காவற்புரதம் பற்றிக்கொண்டால் படிப்பதற்குத் தடை ஏதுமில்லை. மாறாக, ஓலையைக் கிழிக்க வரும் நொதியங்கள் நெருங்கமாட்டா. ஆகவே இரும்பு குறைந்தபோது அதே கை, பத்தாயத்தின் ஓலையை மூடிவைக்கிறது. வாயிலின் ஓலையைக் காப்பாற்றுகிறது. உள்ளே பூட்டுவது நிற்கிறது, வெளியிலிருந்து வாங்குவது கூடுகிறது. ஒரே கை, ஒரே பிடி. பற்றும் இடம் மட்டுமே வேறு. சிக்கனம் தெரிந்த இல்லத்தரசி கஷ்டகாலத்தில் வீட்டை நடத்துவதுபோலவே இருக்கிறது இது.

அந்தப் பிள்ளையின் உடலில் நிகழ்ந்தது

தாயின் கேள்விக்கு இனி விடை கூறலாம். பெரிற்றினிற் சிறிதளவு கலங்களிலிருந்து குருதியிலும் வந்து கலக்கும். வைத்தியர் அதை அளந்தே உடலின் இரும்புச் சேமிப்பை மதிப்பிடுகிறார். பிள்ளையின் உடலில் இரும்பு அருகியதும், கலங்களெங்கும் காவற்புரதங்கள் பெரிற்றின் ஓலைகளைப் பற்றிப் பிடித்துக்கொண்டன. பத்தாயம் செய்வது நின்றது. ஆகவே தாளில் எண் குறைந்தது. அந்த எண் நோயின் காரணமன்று. உடல் தன் சிக்கனத்தைத் தானே எழுதிக் காட்டிய கணக்கு. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தல் நன்று: காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது, இரும்பு குறைந்திருந்தாலும் பெரிற்றின் உயர்ந்து காட்டக்கூடும். ஆகவே அந்தத் தாளைத் தாமே படித்து முடிவு கட்டாமல் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

அவள் சோர்ந்து வீழ்ந்தது ஏன்? என்பு மச்சையில் ஒவ்வொரு செக்கனும் இருபது இலட்சம் அளவில் செங்குருதிக் கலங்கள் பிறக்கின்றன. அவற்றுக்குச் செந்நிறம் தரும் ஈம் என்னும் பொருளை ஆக்கும் முதல் நொதியத்தின் ஓலையிலும் அதே கொண்டை ஊசி, அதே தலைப்பு இடத்தில் இருக்கிறது. இரும்பு இல்லையேல் காவலன் அந்த ஓலையையும் மூடிவிடுவான். இரும்பின்றி ஈமை ஆக்கத் தொடங்கினால் அரைகுறையாய் நிற்கும் பொருள் கலத்துக்கே கேடாகும் என்பதால் அந்த எச்சரிக்கை. விளைவு, குருதிக் கலங்கள் சிறுத்து வெளுத்துப் பிறக்கின்றன. ஒட்சிசனைச் சுமக்க ஆளில்லை, மாடிப்படி மலையாகிறது, கண் செருகுகிறது. நாம் சோம்பல் என்று கடிந்தது அதனைத்தான்.

ஓரெழுத்தின் விலை

காவற்கையின் பிடி நழுவினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1995ஆம் ஆண்டில் பிரான்சிலும் இத்தாலியிலும் சில குடும்பங்களின் விசித்திரமான நோய் ஆராயப்பட்டது. அவர்களுக்கு இளவயதிலேயே கண்புரை படர்ந்தது. குருதியிற் பெரிற்றின் மிக உயர்ந்திருந்தது. ஆனால் உடலில் இரும்பு மிகுந்திருக்கவில்லை. பெரிற்றின் துண்டு ஒன்றின் ஓலையில், அந்தக் கொண்டை ஊசியின் வளைவில், ஓரெழுத்து மாறியிருந்ததே காரணம். புரதத்துக்கான செய்தியில் ஒரு பிழையுமில்லை. ஆயினும் காவலன் பற்றவேண்டிய பிடியில் பிழை நேர்ந்ததால், இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓலை ஓயாது படிக்கப்பட்டது. மிஞ்சிய புரதம் கண்வில்லையில் பளிங்குத் துகள்களாகப் படிந்து பார்வையை மறைத்தது. உடலில் இரும்பு மிகுந்துவிட்டதென்று தவறாகக் கருதிக் குருதியை வெளியேற்றினால், இத்தகையோர் வீணே குருதிச்சோகைக்கு ஆளாவர். செய்தியைச் சரியாக எழுதினால் மட்டும் போதாது, அதைப் பிடிக்கும் இடமும் சரியாயிருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இரும்போடு இந்த ஏற்பாடு முடிந்துவிடவில்லை. எமது மீனவர் மூழ்கி எடுக்கும் கடலட்டைக்கு இனமான, உருண்டையான முள்ளுடல் உயிரி ஒன்று கடலடியில் ஊர்வதை அவர்கள் கண்டிருப்பர். அதன் முட்டைக்குள் தாய் முன்கூட்டியே பல ஓலைகளை எழுதி மூடிவைக்கிறது. கருக்கட்டிய பின்னரே அவை முழுவீச்சில் படிக்கப்படுகின்றன என்பதை 1960களின் ஆராய்ச்சிகள் காட்டின. மனித மூளையிலும் நரம்புக் கலங்களின் நுனிகளில் ஓலைகளைப் பிடித்துவைக்கும் புரதம் ஒன்றுண்டு. அதற்குரிய பரம்பரையலகு 1991ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அந்தப் புரதம் இல்லாத பிள்ளைகளுக்குக் கற்றலிலும் பேச்சிலும் பழக்கவழக்கத்திலும் இடர்கள் நேர்கின்றன. நாம் கற்பதற்கும் நினைவிற் கொள்வதற்கும்கூட, ஓலையை உரிய நேரம்வரை பிடித்துவைக்கும் கை வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு ஒரு சொல்

தாய்மார் இதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியவை சில உள. முதலாவது, குளிசை பற்றியது. இரும்புக் குளிசை உட்கொள்ளும் பிள்ளை சில வாரங்களில் உற்சாகம் பெறும், முகம் சிவக்கும். உடனே, இனி மருந்து எதற்கு என்று நிறுத்திவிடுகிறோம். ஆனால் வரும் இரும்பை உடல் முதலில் குருதிக்கே கொடுக்கிறது; பத்தாயம் நிரம்புவது கடைசியில். அதனால்தான் ஈமோகுளோபின் சீரான பின்னரும் சில மாதங்களுக்குக் குளிசையை நிறுத்த வேண்டாம் என்று வைத்தியர் வற்புறுத்துகிறார். வெறும் பத்தாயத்தோடு நிறுத்தினால் அடுத்த ஆண்டு அதே பிள்ளை மீண்டும் சோர்ந்து விழும்.

இரண்டாவது, உணவு. உடல் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பையே உணவிலிருந்து உறிஞ்சுகிறது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு எளிதிற் சேரும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, எள்ளு முதலியவற்றில் உள்ளது அவ்வளவு எளிதிற் சேராது. தேசிக்காய்ப் புளி சேர்த்து உண்டால் கூடுதலாகச் சேரும். சோறு உண்ட கையோடு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சாயம் மிகுந்த தேநீர் அருந்துவது எமது ஊர் வழக்கம். அந்தச் சாயம் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது. தேநீரை விடவேண்டியதில்லை; உணவுக்கும் குளிசைக்கும் ஒரு மணி நேரமேனும் தள்ளி அருந்தினாற் போதும். கோயில் விரதங்களால் மாதத்திற் பல நாள் மரக்கறி உண்ணும் வீடுகளில், வளரும் பெண்பிள்ளைகள்பால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

மூன்றாவது, தாமாகவே குளிசை வாங்கிக் கொடுத்தல் ஆகாது. வெளிறிய குருதிக்கெல்லாம் இரும்புக் குறைவே காரணமன்று. தலசீமியா போன்ற பரம்பரை நோய்களிலும் குருதி வெளிறும். அங்கே உடலில் இரும்பு மிகுந்திருக்கக்கூடும். மிகுந்த இரும்பு நஞ்சு என்பதை மேலே கண்டோம். ஆகவே சோதித்தறிந்த பின்னரே மருந்து.

காத்திருத்தலும் ஒரு செயல்

அந்த மாணவி குளிசையை ஒழுங்காக உட்கொண்டு தேறினாள். அடுத்த தவணையில் இந்தப் பாடத்தைப் புதிதாக நடத்தினோம். கரும்பலகையில் வழக்கமான இரண்டு அம்புக்குறிகளை இட்டபின், இரண்டாவது அம்பின் மேல் ஒரு கையை வரைந்தோம். பெரிற்றினின் கதையைக் கூறினோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த அவள் எழுந்து, "சேர், அப்ப ஓலை முதலே எழுதியிருந்தது, இரும்புதான் காணாமல் இருந்தது, என்ன?" என்று கேட்டாள். ஆம் என்றோம். அன்று அவளைக் கடிந்தது எமது பிழை என்பதையும் வகுப்பின் முன்னிலையிலேயே கூறினோம். எல்லோர் முன்னிலையில் சொன்ன வசையை எல்லோர் முன்னிலையில்தானே திரும்பப் பெறவேண்டும்?

எமது வகுப்புகளில் பின்வரிசையில் அமர்ந்து தலை சாய்க்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுள் எழுதப்படாத ஓலைகள் மிகச் சில. படிக்கப்படக் காத்திருக்கும் ஓலைகளே பல. தடுத்து நிற்கும் கையை அதட்டி விலக்க முடியாது என்பதை நமது கலங்களே காட்டுகின்றன. இல்லாதிருப்பது எது என்று அறிந்து, அதனை அந்தக் கையில் வைக்க வேண்டும். காலை உணவோ, குளிசையோ, ஒரு பரிவான சொல்லோ, அது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

சென்ற வாரமும் நாம் துறையில் காத்திருந்தோம். நெடுநேரம் கழித்துக் காற்றுச் சற்றுத் தணிந்தது. கயிறு அவிழ்ந்தது, தபாற்பை முதலில் ஏறியது.